ஆயில் சார்

எங்கள் ஃபிளாட்ஸில் அவருடைய நிஜப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர் மனைவி; அவர் கணவர் பெயரைச் சொல்லமாட்டார். இன்னொருவர் சங்கச் செயலாளர், அவருக்கு மறந்துபோய்விட்டது. ஆகவே வாட்ச்மேன் வைத்த 'ஆயில் சார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் மூன்று ரகம் உண்டு. ஓட்டுகிறவர்கள், துடைக்கிறவர்கள், ஆயில் மாற்றுகிறவர்கள். முதல் ரகத்தைச் சாலையிலும் இரண்டாம் ரகத்தை வாசலிலும் பார்க்கலாம். மூன்றாம் ரகத்தைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். வண்டிக்கு அடியில் இருப்பார்கள்.

அடையாறில் எங்கள் பார்க்கிங்கில், கடைசித் தூணோரம், சாம்பல் நிறப் போர்வைக்குள் படுத்திருப்பது அவருடைய சிவப்பு போர்ஷே பாக்ஸ்டர். இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்தது. இரண்டே இருக்கை. முன்மூடியைத் திறந்தால் டிக்கி. பின்மூடியைத் திறந்தாலும் டிக்கி. எஞ்சின் எங்கே என்று கேட்டால், "அது நமக்கு முதுகுக்குப் பின்னால இருக்கு சார், நம்ம கண்ணுல படாது" என்பார், பரம்பொருளைப் பற்றிச் சொல்வதுபோல. பின்டிக்கிக்குள்ளே ஆயில் ஊற்றும் வாய் மட்டும் தெரியும். அதைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் நிற்கும் கோலத்தில் பயபக்தி இருக்கும். கையில் கற்பூரத் தட்டு ஒன்றுதான் குறை.

ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஆயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை மாத்தணும் சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன். கரண்ட் வந்தது, போனது, மறுபடி வந்தது. பாடம் முடியவில்லை.

"ஜீரோ டபிள்யூ நாற்பதுன்னா என்ன தெரியுமா? டபிள்யூன்னா வெயிட்டுன்னு நினைச்சுட்டிருக்காங்க. வின்டர் சார், வின்டர்! மைனஸ் 35 டிகிரியிலயும் எஞ்சினைச் சுத்தவிடுற ஆயிலுக்குத்தான் ஜீரோ டபிள்யூன்னு பேர். அந்த நாற்பது, 100 டிகிரி சூட்டில அது எவ்வளவு கெட்டியா இருக்குங்கிறதைச் சொல்றது."

மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே காதுக்கு மஃப்ளர் சுற்றிக்கொள்ளும் ஊர் சென்னை. இங்கே மைனஸ் 35க்கு என்ன வேலை என்று கேட்டேன். பரிதாபமாகப் பார்த்தார். "நமக்கு 30 டிகிரின்னா புழுக்கம். நூறு டிகிரியில வேலை செய்யற எஞ்சினுக்கு அது குளிர். காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே ஆயில் மேலே ஏறணும். கெட்டியா இருந்தா ஏறாது, உலோகமும் உலோகமும் உரசும்." அது உண்மைதான். ஆயில் சாரிடம் உள்ள கஷ்டமே இதுதான்: அவர் சொல்வதெல்லாம் சரி, செய்வதுதான் வேறு.

அவருடைய சட்டம் எளிது. 3,000 கிலோமீட்டர் அல்லது மூன்று மாதம், எது முந்துகிறதோ அது. இந்த 3,000 எங்கிருந்து வந்தது என்று துருவினேன். அமெரிக்காவில் சாதாரண மினரல் ஆயில் ஊற்றிய காலத்தில் 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். சின்தெட்டிக் ஆயில் வந்தபின் அந்தக் கணக்கு அங்கேயே பழசாகிவிட்டது. கார் கம்பெனிகள் இப்போது பெரும்பாலும் ஓராண்டு அல்லது பத்துப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் என்கின்றன. ஆயில் சார் அந்த மைலை எடுத்துக் கிலோமீட்டராக்கினார். ஆனால் மூவாயிரத்தை மூவாயிரமாகவே வைத்துக்கொண்டார். 3,000 மைல் என்பது 4,800 கிலோமீட்டருக்கும் மேல். "கொஞ்சம் முன்னாடியே மாத்தினா தப்பா சார்?" என்று வாயை அடைத்துவிட்டார்.

சித்த வைத்தியத்தில் தேரையர், பேதி மருந்துக்கு நான்கு மாதக் கணக்கு வைத்தார். என் பாட்டி விடுமுறைக்கு விடுமுறை விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு எங்களைத் துரத்துவாள். ஆயில் சார் இருவரையும் மிஞ்சியவர். வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிறு கழுவிவிடுகிறார். ஒருவிதத்தில் இது பொருத்தம்தான். ஆமணக்கெண்ணெய் கலந்த எஞ்சின் ஆயில் ஒருகாலத்தில் ரேஸ் மைதானங்களையே மணக்கவைத்திருக்கிறது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். பாட்டிக்கு இது தெரிந்திருந்தால் எங்களை விட்டுவிட்டு அந்தப் பாக்ஸ்டரைத் துரத்தியிருப்பாள்.

சரி, மூன்று மாதத்தில் வண்டி எவ்வளவு ஓடுகிறது? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் போர்வையை உருவுவார். ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய்த் திரும்பினால் சுமார் அறுபது கிலோமீட்டர். ஏழு மணிக்கு வீட்டில் இட்லி. மழை பெய்தால் கிடையாது, சேறு தெறிக்கும். மழை விட்ட வாரமும் கிடையாது, பள்ளம் தெரியாது. சாலையில் புதிதாக ஸ்பீடு பிரேக்கர் போட்டதாகத் தகவல் வந்தால் ஒரு மாதம் துக்கம். ஆக, வருஷத்துக்குத் தேறுவது இருபது ஞாயிறு, 1,200 கிலோமீட்டர். நான்கு தடவை ஆயில். தடவைக்கு எட்டு லிட்டர் என்று வைத்தால் 32 லிட்டர். வகுத்துப் பார்த்தேன். லிட்டருக்கு முப்பத்தேழரைக் கிலோமீட்டர். என் ஸ்கூட்டர் பெட்ரோலில் கொடுக்கிற மைலேஜை அவருடைய கார் எஞ்சின் ஆயிலில் கொடுக்கிறது.

போன வருஷம் இருங்காட்டுக்கோட்டை ரேஸுக்குப் போனார். அங்கே டிராக்கில் சுற்றுகிற வண்டிகளின் ஆயில், கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடாகும். ஒன்றிரண்டு நாள் ஓட்டத்துக்கே மாற்றிவிடுவார்கள்; அதில் நியாயம் இருக்கிறது. ஆயில் சார் பார்வையாளராகத்தான் போனார். வண்டி நாள் முழுக்க பார்க்கிங்கில் நின்றது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஆயிலை மாற்றினார். ரேஸ் காற்று பட்டுவிட்டதாம்.

வடித்த ஆயிலில் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பாட்டில் மாதிரி எடுத்து வைப்பார். 'மார்ச், 280 கி.மீ.' என்று லேபிள். அவை முன்பு சமையலறை அலமாரியில் இருந்தன. ஊரிலிருந்து வந்த மச்சினர் புளிக்காய்ச்சல் என்று நினைத்துச் சாதத்தில் குழி பறித்துக் கவிழ்க்கப்போன நாளிலிருந்து பால்கனிக்கு மாறிவிட்டன. ஒருமுறை ஒரு பாட்டிலைப் பரிசோதனைச் சாலைக்கும் அனுப்பினார். இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, மண்தூசு எவ்வளவு என்று அட்டவணை வந்தது. அடியில் 'ஆயில் தொடர்ந்து பயன்படுத்தத் தக்கது' என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு அவர் பரிசோதனைச் சாலையை மாற்றிவிட்டார்.

இவருக்கு மெக்கானிக், ராயப்பேட்டைச் சந்தில் ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவர். எல்லாருக்கும் பாய். சோழவரம் விமானத்தளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே வண்டிகளுக்கு அடியில் படுத்தவர். ஒருநாள் என் ஸ்கூட்டரோடு நான் அங்கே நின்றபோது ஆயில் சார் வந்தார், முகத்தில் கவலையோடு.

"பாய், ஆயில் கறுத்துப்போச்சு."

"அழுக்கைத் தாங்கி நிக்குது சார். கறுக்கலைன்னாதான் கவலைப்படணும். துணி வெளுக்கிற தண்ணி வெள்ளையாவா இருக்கும்?"

"இல்ல பாய், மூடியில வெள்ளையா ஆடை மாதிரி படிஞ்சிருக்கு. தினமும் சாயந்திரம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன், அப்படியும்..."

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "அதனாலதான் சார். பெட்ரோல் எரிஞ்சா தண்ணி வரும். வண்டி நல்லா சூடேறி ஓடினா அது ஆவியாப் போயிடும். நீங்க பத்து நிமிஷத்துல அணைச்சுட்டா தண்ணியும் கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலோட கலந்து உள்ளேயே தங்கும். முள்ளு மேல வந்துட்டா சூடாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. அது கூலன்ட் தண்ணி. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க, போதும். மத்த நாள்ல ஓட்டுங்க. மகாபலிபுரம் தாண்டி பாண்டிச்சேரி வரைக்கும் போங்க."

ஆயில் சார் கவனமாகக் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "சரி பாய். எதுக்கும் இப்ப ஒருதடவை மாத்திடுங்க."

பாய் பேசவில்லை. எட்டு லிட்டரும் நல்ல தேன்போல, லேசாகக் கறுத்து, சுத்தமான கேனில் இறங்கியது. மற்ற வண்டிகளின் கழிவு ஆயில் விழும் அழுக்குப் பீப்பாய் பக்கத்திலேயே இருந்தது. பாய் அதில் ஊற்றவில்லை. கேனை மூடி, தனியாக எடுத்து வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஷெட்டுக்குள் பாயின் பழைய மாருதி ஆம்னி நுழைந்தது. அவர் மகன் ஓட்டிவந்தான். தினமும் காய்கறி மூட்டை ஏற்றும் வண்டி. உடம்பெல்லாம் நசுங்கல், ஒரு கதவு கயிற்றில் நின்றது. ஆனால் எஞ்சின் ஓடுகிற சத்தம் தையல் மெஷின் மாதிரி இருந்தது. ஆயில் சார் காதைச் சாய்த்துக் கேட்டார். சங்கீதம் தெரிந்தவர் முகம்.

"பாய், என்ன ஓடியிருக்கு?"

"மீட்டர் நின்னு வருஷமாச்சு சார்."

"எஞ்சின் புதுசு மாதிரி இருக்கே! என்ன ஆயில் போடறீங்க?"

"ஜீரோ டபிள்யூ நாற்பது."

ஆயில் சார் புல்லரித்துப்போனார். ஒரு காய்கறி வண்டிக்கு இப்படி ஒரு மரியாதையா! பாயின் தோளைத் தொட்டார். "எத்தனை நாளைக்கு ஒருதடவை மாத்துவீங்க?"

பாய் அந்தக் கேனை ஒரு தடவை பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"நீங்க மாத்தறப்பல்லாம் சார்."