பாட்டு நடிக்கிறது

எங்கள் வீட்டில் அம்மா சீரியல் பார்ப்பதில்லை, கேட்கிறார். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கதை முழுதும் தெரிந்துவிடும். வீணை வந்தால் நல்ல மருமகள். உறுமி வந்தால் நாத்தனார். ஷெனாய் வந்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கு மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார்.

குறை சொல்லவில்லை. 1999-இல் வந்த ‘சித்தி’யும் 2002-இல் வந்த ‘மெட்டி ஒலி’யும் முகப்புப் பாட்டாலேயே தெருவை வீட்டுக்குள் இழுத்தவை. இரண்டுக்கும் இசை தினா. அவை அந்தந்தத் தொடருக்கென்றே செய்த பாட்டுகள்.

இப்போதோ சினிமாப் பாட்டை எடுத்துப் போடுகிறார்கள். நாயகன் குடை பிடித்தால் இளையராஜா. பிடிக்க மறந்தாலும் இளையராஜா. முகத்தில் வராத பாவத்தையெல்லாம் ராஜாவின் வயலின்கள் நடித்துக் கொடுக்கின்றன. சம்பளம் என்னவோ நாயகனுக்குத்தான்.

நேற்று ஒரு சீரியலில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்க, பல்லவி, சரணம் எல்லாம் ஓடின. வசனம் இல்லை, கதை ஓர் அங்குலம் நகரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“வெங்காயமாடா?” என்றார் அம்மா.

“பாட்டும்மா.”

சந்தேகத்துக்கு, மறு ஒளிபரப்பில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இருவரும் பேருந்துக்குக் காத்திருந்தார்கள்.