காதில் குழாய்

காதில் பூச்சுற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்னேறிய நாடுகளில் பூவெல்லாம் கிடையாது. குழாய்தான். அதற்கு முன் செவிப்பறையில் ஓர் ஓட்டை. ஓட்டை போடத் தனிச் செலவு.

கருவியின் பெயர் மெனியெட். ஸ்வீடனில் பிறந்தது. மெனியர் நோய்க்காரர்களுக்காகச் செய்தது. பாரிஸ் மருத்துவர் ப்ராஸ்பர் மெனியர் 1861இல் விவரித்த நோய் இது. உட்காதில் திரவம் மிகும். அறையே சுழலும். வாந்தி வரும். காதில் ஓயாத இரைச்சல். கேட்கும் திறனும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இப்படி வருடக்கணக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவரிடம் எதை நீட்டினாலும் வாங்குவார். இது விற்பவர்களுக்குத் தெரியும்.

நீட்டியது ஒரு சிறு பெட்டி. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குச் சில நிமிடம், குழாய் வழியே காதுக்குள் காற்றை மெல்ல அழுத்தும். அழுத்தத்தில் திரவம் வடிந்துவிடும் என்பது கொள்கை. கொள்கை அழகாக இருந்தது. 1999இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முத்திரை குத்தியது. விலை சில ஆயிரம் டாலர்.

முத்திரை எப்படிக் கிடைக்கிறது? 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் 510(கே) என்றொரு சந்து உண்டு. சந்தையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கருவிக்கு இது 'கணிசமாக இணையானது' என்று காட்டினால் போதும். இந்தச் சந்தில் நுழையும் பெரும்பாலான கருவிகள் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த கணக்கைக் காட்ட வேண்டியதில்லை. சரி, அந்தப் பழைய கருவியைச் சோதித்தது யார்? அதற்கும் மூத்த கருவியைப் போய்க் கேளுங்கள். மெனியெட் வந்ததும் இந்தச் சந்து வழியாகத்தான்.

ஐரோப்பா மட்டும் என்ன வாழ்ந்தது? 2014இல் நெதர்லாந்துப் பத்திரிகையாளர் ஒருவர், கடையில் ஆரஞ்சு போட்டுக் கொடுக்கும் வலைப்பையை எடுத்தார். பெண்களின் உடலுக்குள் பொருத்தும் மருத்துவ வலை என்று கோப்பு தயாரித்தார். சான்றிதழ் தரும் நிறுவனங்களிடம் கொண்டுபோனார். பெரிய ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை.

தலைச்சுற்றல் விஷயத்தில் 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று தப்பிக்கவும் வழியில்லை. 1981லேயே டென்மார்க் மருத்துவர்கள் சொல்லியாயிற்று. மெனியர் நோயாளிகள் 30 பேர். பாதிப் பேருக்கு உட்காதுத் திரவத்தை வடிக்கும் அறுவை. மீதிப் பேருக்குக் காதின் பின்னெலும்பை மட்டும் குடைந்து, மூடித் தைத்தார்கள். இரு தரப்பிலும் பெரும்பாலோர் தேவலை என்றார்கள். நோயாளிகள் பொய் சொல்லவில்லை. இந்த நோய் ஏறும், இறங்கும். உச்சத்தில் தவிக்கும்போதுதான் மனிதர் மருத்துவரிடம் ஓடுகிறார். அப்புறம் அது இறங்குகிறது. இறங்கிய பெருமையைப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது எடுத்துக்கொள்கிறது. அன்று கத்தி. பின்பு பெட்டி.

ஆகவே, போலிப் பெட்டியோடு ஒப்பிடாமல் அசல் பெட்டியைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. திறந்தார்கள். விற்றார்கள். இடையில் சில ஒப்பீட்டுச் சோதனைகளும் நடந்தன. அவற்றைச் சேர்த்துக் காக்ரேன் ஆய்வுக் குழு கூட்டிப் பார்த்தது 2015இல். தாலி கட்டிப் பதினாறு வருடம் கழித்து ஜாதகம் பார்த்தார்கள். ஐந்து சோதனைகள், 265 நோயாளிகள். தலைச்சுற்றல் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கேட்கும் திறன் குறைவதற்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் கிடைத்தது. தராததை விற்று, இருந்ததிலும் கை வைத்திருக்கிறார்கள்.

எல்லாரிடமும் இந்தத் தாராளம் உண்டென்று நினைத்துவிடாதீர்கள். தலைச்சுற்றலில் இன்னொரு வகை உண்டு. உட்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறும். படுக்கையில் புரண்டால் உலகமும் கூடவே புரளும். அமெரிக்காவின் ஓரிகான் மாநில மருத்துவர் ஜான் எப்லி அதற்கு வழி கண்டார். நோயாளியைப் படுக்கவைத்துத் தலையைச் சில கோணங்களில் திருப்புவது. சில நிமிட வேலை. பெட்டி வேண்டாம். ஓட்டை வேண்டாம். கட்டில் போதும். 1980இல் செய்து காட்டினார். சக மருத்துவர்கள் நம்பவில்லை. ஆய்வுக் கட்டுரை அச்சேற 1992 ஆயிற்று. பின்னர் மாநில மருத்துவ வாரியத்தில் அவர்மேல் புகார். வருடக்கணக்கில் இழுபட்டுத்தான் விடுபட்டார். இன்று உலகம் முழுக்க அந்த வகைத் தலைச்சுற்றலுக்கு முதலில் செய்வது அவருடைய முறையைத்தான். விற்க எதுவும் இல்லாத கை வருடக்கணக்கில் வாசலில் நின்றது. விலைச்சீட்டு ஒட்டிய பெட்டி காதுக்குப் போயிற்று.

2020இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் மெனியர் நோய்க்கு வழிகாட்டி வெளியிட்டது. இந்தக் காற்றழுத்தச் சிகிச்சையை எழுதிக் கொடுக்காதீர்கள் என்றது. நல்லது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்ற பத்தி அதில் இல்லை. அந்த 510(கே) சந்தை அடைக்கவும் யாரும் அவசரப்படவில்லை. சோதிக்காமல் விற்கலாம் என்று சட்டம் இருந்தால், வாங்குகிறவன்மேல்தான் சோதனை நடக்கும். ஆய்வுக்கூடத்து எலிக்காவது தீனி இலவசம். இவன் சொந்தக் காசைக் கட்டி எலியானான்.