முதல் நாள், முதல் காட்சி: வாசகர் கேள்வி–பதில்

கே: எங்கள் ஊரில் தியேட்டர் இல்லை. சுங்கை பட்டாணிக்குப் போய்த்தான் படம் பார்க்கிறோம். விசில் அடித்தால் முன் சீட்டுக்காரர் திரும்பி முறைக்கிறார். விசில் அடிப்பது அநாகரிகமா? (கோத்தா கோலா மூடா வாசகர்)

ப: இல்லை. கதாநாயகன் முகம் தெரிந்ததும் அரை நிமிடத்துக்கு வசனமே இருக்காது, கவனித்திருப்பீர்கள். உங்கள் விசிலுக்காகவே இயக்குநர் விட்ட இடம் அது. வசனம் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பினாங்குக் கரையில் இருக்கும் பாசார் பீசிக்கில் மீன் ஏலத்தைக் காதோடு காதாகத்தான் கேட்பார்கள். அங்கே உரக்க விலை சொல்பவர் முறை தெரியாதவர். முதல் காட்சியில் கைகட்டி உட்கார்ந்திருப்பவரும் அப்படித்தான். முறைப்பவரிடம் அடுத்த நாள் மாலைக் காட்சிக்கு வரச் சொல்லுங்கள், அன்பாகச் சொல்லுங்கள்.

கே: தோட்டத்தில் படம் பார்த்த கதையைத் தாத்தா பெருமையாகச் சொல்கிறார். அந்தக் காலத்துக் கூட்டம் அவ்வளவு அடக்கமா? (பீடோங் வாசகி)

ப: அடக்கமா? திடலில் இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஓட்டிய இரவுகளைப் பற்றி எந்தப் பெரியவரைக் கேட்டாலும் முதலில் சத்தத்தைத்தான் சொல்வார். லயத்திலிருந்து பாயும் பலகையும் தூக்கி வந்து பொழுது சாயும் முன்பே இடம் பிடிப்பார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி சுழற்றுவதைப் பார்ப்பார்கள். ரீல் மாற்றும்போது விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் கையை நீட்டி மான், நாய் என்று நிழல் காட்டுவார்கள். வில்லன் நம்பியார் வந்தால் பாட்டிமார் மண்ணை வாரித் தூற்றுவார்கள்.

ஆனால் எதுவும் உடையவில்லை. உடைய அங்கே என்ன இருந்தது? பாய் அவரவர் வீட்டுப் பாய். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கல் எறிந்தவன் யார் மகன் என்று பக்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவன் அப்பா, வேலை வாங்கும் மண்டோரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இன்று பேரங்காடி மாடியில், இருட்டில், 200 பேருக்கு நடுவே நம் பையனை யாருக்கும் தெரியாது. அவன் சிந்திய பாப்கார்னைப் பெருக்க வருபவரை அவனுக்கும் தெரியாது. வம்பு தொடங்குவது இங்கேதான். சத்தத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். அது தாத்தா கொடுத்த சொத்து.

கே: சென்னை ரோகிணி தியேட்டரில் சீட்டுகளைக் கிழித்தார்களே, என்னதான் நடந்தது? (சுங்கை பட்டாணி வாசகர்)

ப: 2023 அக்டோபர் 5, ‘லியோ’ முன்னோட்டத்துக்காகக் கூடிய கூட்டம் அது. படம்கூட இல்லை, சில நிமிட முன்னோட்டம்! இருக்கைகளின் மேல் ஏறி ஆடினார்கள். விளக்கைப் போட்டபோது பஞ்சு பிதுங்கி, கை வைக்கும் இடம் ஒடிந்து, வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அந்தப் படங்களைப் பார்த்தபோது கோபத்துக்கு முன் எனக்கு வருத்தம்தான் வந்தது. ரசிகர்களுக்காகக் கதவைத் திறந்துவிட்ட தியேட்டருக்குக் கிடைத்த கைம்மாறு அது.

அந்த ஆண்டு அதைவிடப் பெரிய இழப்பு முன்பே நடந்துவிட்டது. 2023 ஜனவரி 11, ‘துணிவு’ வெளியான நள்ளிரவு. அதே ரோகிணி தியேட்டர் அருகே, சாலையில் மெதுவாகப் போன லாரியில் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் குதித்தபோது முதுகெலும்பில் அடிபட்டு இறந்தான். அதன் பிறகு தமிழ்நாட்டு அரசு அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தியது. ‘ஜெயிலர்’ காலை 9 மணிக்குத்தான் தொடங்கியது. ‘லியோ’ தயாரிப்பாளர் 4 மணிக் காட்சி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனார், கிடைக்கவில்லை. எல்லையோரத்து ரசிகர்கள் பாலக்காட்டுக்கு வண்டி பிடித்தார்கள். தமிழ்ப் படத்தின் முதல் காட்சியைத் தமிழ்நாட்டுக்காரன் கேரளாவில் போய்ப் பார்த்தான். ஒழுங்காக விசில் அடித்த ஆயிரக்கணக்கானவர்களின் விடியற்காலையும் அதோடு போயிற்று. எனக்கு இன்னும் ஆறாத இடம் இது.

கே: ஹைதராபாத்தில் நெரிசலுக்கு நடிகரைக் கைது செய்தார்கள். ரசிகர் செய்ததற்கு நடிகர் என்ன செய்வார்? (பாடாங் செராய் வாசகர்)

ப: 2024 டிசம்பர் 4, ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சி, சந்தியா தியேட்டர். படத்தின் நாயகன் அல்லு அர்ஜுன் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் 35 வயதுத் தாய் ஒருவர் இறந்தார். மகன் உயிருக்குப் போராடினான். 13ஆம் தேதி அல்லு அர்ஜுன் கைதானார், உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. தெலங்கானா முதல்வர் இனிச் சிறப்புக் காட்சிகள் கிடையாது என்று சட்டமன்றத்திலேயே சொன்னார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். நட்சத்திரம் வரும் வழியும் மக்கள் போகும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல நீதிபதி தேவையில்லை. நெரிசலில் சாகிறவர்கள் பெரும்பாலும் ஓடியவர்கள் அல்லர். நின்ற இடத்திலேயே மூச்சு விட முடியாமல் போனவர்கள். அந்தத் தாய் ரகளை செய்ய வரவில்லை, பிள்ளைக்குப் படம் காட்ட வந்தார்.

கே: உள்ளே ஒரே ஒரு வாணம் கொளுத்தினால் என்ன? (குருன் இளைஞர்)

ப: வேண்டாம் தம்பி. மூடிய கூடம், பஞ்சு இருக்கை, துணி பொதிந்த சுவர். 2023 நவம்பரில் மகாராஷ்டிராவின் மாலேகாவில் ‘டைகர் 3’ ஓடும்போது கூடத்துக்குள்ளேயே ராக்கெட் விட்டார்கள். ஜனங்கள் சிதறி ஓடினார்கள், போலீஸ் வழக்குப் போட்டது. மற்றவர்களை ஆபத்தில் தள்ள வேண்டாம் என்று சல்மான் கானே கெஞ்ச வேண்டியதாயிற்று. நம் மலேசியாவில் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் இருக்கிறது. அதையெல்லாம் விடுங்கள். பக்கத்து வரிசையில் கைக்குழந்தை இருக்கும்.

கே: அறிமுகக் காட்சியை மட்டும் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் போடலாமா? (லூனாஸ் வாசகி)

ப: கூடாது தங்கச்சி. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 43ஏ பிரிவு: திரையரங்குக்குள் படத்தைப் பதிவு செய்தால் 10,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆசைக்கு எடுத்தேன் என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று நம்பி இருக்காதீர்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டுங்கள்.

கே: வெள்ளைக்காரர் தியேட்டரில் அரிசி எறிந்தால் கலாசாரம், நாங்கள் பேப்பர் கிழித்துப் போட்டால் ரவுடித்தனமா? (கூலிம் வாசகர்)

ப: உங்கள் கோபம் நியாயமானது. 1975இல் வந்து வசூலில் படுத்த ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’, 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாக ஓடத் தொடங்கியது. ரசிகர்கள் திரையைப் பார்த்துப் பதில் வசனம் கத்தினார்கள். கல்யாணக் காட்சிக்கு அரிசி, மழைக் காட்சிக்குத் தண்ணீர்த் துப்பாக்கி, தலைக்கு மேல் செய்தித்தாள். அதைப் பற்றிப் புத்தகமே எழுதுகிறார்கள். நம்மைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘வெறி’ என்ற சொல் வந்துவிடுகிறது. எனக்கும் அது பிடிக்கவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். அரிசி வழுக்கியது, தண்ணீர் திரையில் பட்டது, இருட்டில் ஏற்றிப் பிடித்த லைட்டர் பயமுறுத்தியது. பல தியேட்டர்கள் மூன்றையும் தடை செய்தன. ரசிகர்கள் சண்டைக்குப் போகவில்லை. லைட்டருக்குப் பதில் டார்ச் வந்தது. எதை எறியலாம் என்று பட்டியல் போட்டு, அந்தப் பொருள்களை மட்டும் பையில் கட்டி வாசலிலேயே விற்கிறார்கள். அதனால்தான் 50 ஆண்டாகியும் அந்தப் படம் ஓடுகிறது. கட்டுப்பாடு இல்லாத கூட்டத்தை எந்த நாட்டிலும் பொறுக்க மாட்டார்கள். 2025இல் ‘மைன்கிராஃப்ட்’ படத்துக்குப் பாப்கார்னை வாரி இறைத்த பிள்ளைகளை அமெரிக்கத் தியேட்டர்களும் எச்சரித்தன, சிலரை வெளியேற்றவும் செய்தன.

நாம் அதிகம் கற்க வேண்டியது ஜப்பானிடம். 1998இல் ‘முத்து’ டோக்கியோவில் வெற்றிகரமாக ஓடியது. இந்தியாவில் எப்படிப் படம் பார்க்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, ‘மசாலா காட்சி’ என்றே தனியாக ஒன்றை அங்கே நடத்துகிறார்கள். ஹியோகோ மாநிலத்தில் சுகாகுச்சி சன்சன் என்ற சின்னத் தியேட்டர் இதற்குப் பேர்போனது. சேலை கட்டி வருவார்கள், கஞ்சிரா மாதிரி தம்புரின் தட்டுவார்கள், காகிதப் பொடியை அள்ளித் தூவுவார்கள். படம் முடிந்து விளக்கு வந்ததும் தூவியவர்களே குனிந்து பொறுக்குகிறார்கள். நம்மவர்களிடமிருந்து போன கொண்டாட்டம் அது. குனிந்து பொறுக்குவதை நாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்வோம்.

கே: திரையை நோக்கிச் சில்லறை எறிவது பழைய வழக்கம்தானே? (அலோர்ஸ்டார் வாசகர்)

ப: பழைய வழக்கம்தான், விட வேண்டிய வழக்கம். கிட்டப் போய்ப் பார்த்தால் திரை முழுக்கப் பொடிப் பொடித் துளைகள் தெரியும். ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. சத்தம் அந்தத் துளைகள் வழியாகத்தான் வருகிறது. காசு பட்டுக் கிழிந்த இடத்தை ஒட்டுப் போட்டால் கதாநாயகி கன்னத்தில் தழும்பு நிரந்தரமாகத் தெரியும். முழுத் திரையையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு கடைசியில் உங்கள் டிக்கெட்டில்தான் ஏறும். குற்றவியல் சட்டம் 427ஆவது பிரிவிலும் போய் நிற்க வேண்டி வரலாம்.

கே: எழுந்து ஆடினால் மட்டும் ஏன் எல்லாரும் சத்தம் போடுகிறார்கள்? (சுங்கை லாலாங் வாசகர்)

ப: படத்தின் அடியில் மலாய் வரிகள் ஓடுகின்றன. தமிழ் தெரியாத மலாய், சீன நண்பர்களும், தமிழ் படிக்காத நம் பிள்ளைகளும் அதை நம்பித்தான் வந்திருக்கிறார்கள். காது கேட்காதவர்களும் இருப்பார்கள். நீங்கள் எழுந்தால் அவர்களுக்குப் படமே நின்றுவிடுகிறது. ஓரமாக, நடைபாதையை அடைக்காமல் ஆடுங்கள்.

கே: கட்அவுட்டுக்குப் பால் ஊற்றலாமா? (பீடோங் வாசகர்)

ப: 2019 ஜனவரியில் திருக்கோவிலூரில் ‘விஸ்வாசம்’ கட்அவுட்டின் மேல் ஏறிப் பால் ஊற்றும்போது அது சரிந்து ஆட்கள் விழுந்தார்கள். பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கே: பத்து வயது மகன் முதல் காட்சிக்கு அழைத்துப் போகச் சொல்லி அழுகிறான். பயமாக இருக்கிறது. (கோத்தா கோலா மூடா தாய்)

ப: அழைத்துப் போங்கள் அம்மா. நடு வரிசை வேண்டாம்; வெளியேறும் கதவுக்குப் பக்கத்து ஓர இருக்கையாகப் பதிவு செய்யுங்கள். கதவு திறக்கும் நேரத்துக்குப் போய் முண்ட வேண்டாம், கூட்டம் உள்ளே போன பிறகு போனால் போதும். காதைப் பொத்திக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். விசில் அடிக்க அவனுக்கு வராவிட்டால் பக்கத்து அண்ணன்மார் சொல்லிக்கொடுப்பார்கள்.

கே: எங்கள் ரசிகர் மன்றம் அடுத்த படத்துக்கு முழுக் கூடத்தையும் எடுக்கப் போகிறது. உங்கள் யோசனை? (சுங்கை பட்டாணி இளைஞர்)

ப: இரண்டு வாரம் முன்பே தியேட்டர் மேலாளரைப் போய்ப் பாருங்கள். காகிதம் தூவலாமா என்று கேளுங்கள். சரி என்றால் பெரிய துண்டாக வெட்டுங்கள், பொடியாக்கினால் பொறுக்க முடியாது. கதவுக்கு ஒருவர், நடைபாதைக்கு ஒருவர் என்று மன்றத்தாரையே நிறுத்துங்கள், அவர்களுக்கு அடுத்த காட்சிக்கு இலவச டிக்கெட் கொடுங்கள். துடைப்பமும் குப்பைப் பையும் நீங்களே கொண்டு போங்கள். அடுத்த காட்சிக்கு முன் கூடத்தைத் துப்புரவு செய்ய அக்காமாருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அவர்கள் உள்ளே வரும்போது உங்கள் ஆட்கள் கடைசி வரிசையில் பாதி வேலையை முடித்திருக்க வேண்டும். எனக்கு ஒரு டிக்கெட் எடுத்து வையுங்கள், காசு தந்துவிடுகிறேன்.