இன்லாண்டு கடிதத்தில் வந்த தீயல்

வட்டக்கோட்டைக்கு இப்போது வருகிறவர்கள், கன்னியாகுமரியில் சூரியன் எழுவதைப் பார்த்த கையோடு காரில் ஏறி வந்து, மதில்மேல் நடந்து, கடலையும் மலையையும் மாறி மாறிப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் சிறு வயதில் அந்த மதில் பரீட்சைக்குப் படிக்கிற இடம். வேலை கிடைக்காத அண்ணன்மார் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வேலையைப் பற்றியே பேசுகிற இடம். கோட்டையைப் பலப்படுத்திக் கட்டிய டிலனாயின் கதையும் அங்கேதான் காதில் விழுந்தது. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையின் ஆள், பிடித்தவரிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, தளபதியாகி, 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். புதுத் தொழிலுக்குப் போன மனிதர் என்று எனக்கு முதலில் தெரிந்தவர் அவர்தான். போரும் பீரங்கியும் மற்ற பையன்களுக்கு. எனக்கோ அவர் இங்கே வந்து என்னத்தைச் சாப்பிட்டார் என்பதே பெரிய கேள்வி. மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் கிழங்காவது தின்றிருப்பார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்தக் கிழங்கை விசாகம் திருநாள் மகாராஜா நாடெங்கும் பயிரிடச் செய்தது 1880-களில் என்று பின்னால் படித்தபோது, பாவம், அதுகூட அவருக்கு அகப்பட்டிருக்காதோ என்று வருத்தமாக இருந்தது.

மரச்சீனி எங்கள் அம்மா வளர்ந்த சாப்பாடு. 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் முழுக்க அடுப்பில் ஏறியது அந்தக் கிழங்குதான். அவித்த கிழங்கும் சாளைக் கறியும் தின்று பசியாறிய சிறுமிகளில் ஒருத்தி அம்மா. அதனாலோ என்னவோ, சமையலில் அவள் அளவு சொல்வதெல்லாம் கிழங்கையும் புளியையும் நெல்லிக்காயையும் வைத்துத்தான். கிராம், கரண்டி என்று அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

நான் வீட்டை விட்டுக் கிளம்பியது 1980-ல். நாகர்கோவிலில் ஒரு டுட்டோரியலில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், சென்னையில் ஒரு பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பற்றும் வரவும் போதும் என்று புறப்பட்டுவிட்டேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் அதற்கு முந்தின வருஷம்தான் வந்திருந்தது. திருநெல்வேலிப் பாதை திறக்க 1981 ஆக வேண்டியிருந்தது. ஆகவே, காற்றாலை ஒன்றுகூட இல்லாத ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக பஸ்ஸில் திருநெல்வேலி போய், மீட்டர்கேஜ் ரயிலில் ஏறி, எழும்பூரில் இறங்கினேன். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் உப்பேரி, வாயைத் துணிகட்டி இறுக்கிய ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். அந்தப் பையனை இன்று எழும்பூர் பிளாட்பாரத்தில் பார்க்க நேர்ந்தால், பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பேன். அவ்வளவு நம்பிக்கை அவன் முகத்தில்.

தங்கியது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில். அந்த மேன்ஷன்களில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறையில் சமைக்கக் கூடாது என்று மாடிப்படி ஏறும் இடத்தில் பலகை இருக்கும். பாதி அறைகளில் கட்டிலுக்கு அடியில் ஒரு திரி ஸ்டவ் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் வாழ்ந்தன. மெஸ் சாப்பாட்டில் குறையொன்றும் கிடையாது. சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் தேங்காய் எண்ணெய் மணம் இல்லை, சம்பா அரிசிச் சோறு இல்லை, கறியில் அரைத்த தேங்காயின் கனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அந்த இல்லாமை வயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரை விட்டுப் போய்த் தொழில் படித்த எவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்திருக்கும்.

மூர் மார்க்கெட் 1985-ல் தீப்பிடித்துப் போவதற்கு முன்பு, அதன் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்காத புத்தகம் இல்லை. மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ எனக்கு அங்கேதான் கிடைத்தது, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையின் மஞ்சள் கறையோடு. அந்த அம்மாள் பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரியே எழுதியிருப்பார். ரசத்தையும் துவையலையும் அவரிடம் கற்றேன். ஆனால் அது சைவச் சமையல். கடற்கரையில் பிறந்தவனுக்குப் பாதி வாழ்க்கை அதில் கிடையாது. மிச்சப் பாதிக்கு அம்மாதான்.

அம்மாவுக்கு எழுத வராது. தங்கச்சி எழுதுவாள். வறுத்தரைத்த தேங்காய்க் குழம்பான உள்ளித்தீயலை வைப்பது எப்படி என்று நான் சென்னையிலிருந்து ஒரு இன்லாண்டில் கேட்டுப் போட்டால், அது வட்டக்கோட்டை போய், அம்மா சொல்லி, தங்கச்சி எழுதி, மடித்து ஒட்டித் தபாலில் சேர்த்து, என் கைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். “தேங்காயைத் திருவி, மல்லியும் வத்தலும் நல்லமிளகும் போட்டு, தீயைக் கொறச்சு வச்சு வறு மக்கா. மரச்சீனித் தோல் நெறம் வந்ததும் எறக்கிரு. பாக்கி சட்டிச் சூட்டுலயே வறுபட்டுக்கிடும், கேட்டியா” என்று அம்மாவின் குரல் அப்படியே இருக்கும். ஒட்டுவதற்கு மடிக்கிற ஓரத்தில் தங்கச்சியின் சொந்தச் சரக்கு: தென்னையில் எத்தனை குலை, ஆரோக்கியபுரத்து மீன்காரி கொண்டுவந்த அயிலை என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம். ஒரு கறிக்கான செய்முறை ஊர் விசேஷங்களோடு சேர்ந்துதான் வரும். சட்டியில் தேங்காய் வறுபடும்போது அந்தக் கல்யாணமும் மனசில் நடந்துகொண்டிருக்கும்.

பதில் வரும்வரை சும்மா இருக்க முடியுமா? இருக்கிற அறிவை வைத்துச் சமைத்துப் பார்ப்பேன். ஜாம் பஜாரில் தேங்காயும் சின்ன உள்ளியும் வாங்கி வந்து, ஒரு தடவை மல்லியை முதலில் வறுத்தும், அடுத்த தடவை தேங்காயை முதலில் வறுத்தும், புளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் கடிதம் வந்து சேரும்போது எனக்குள் கேள்விகள் பழுத்திருக்கும். அம்மாவின் ஒற்றை வரி நேராகப் போய் அதனதன் இடத்தில் உட்காரும். அரைப்பதற்கு வாட்ச்மேன் வீட்டு அம்மி. அவர் மனைவி திண்டிவனத்துப் பக்கம்; கறுத்துப்போன தேங்காயைப் பார்த்து, “தீஞ்சு போச்சே தம்பி, இதையா அரைக்கப் போற?” என்று பதறினார். அரைக்க அரைக்க எண்ணெய் கசிந்து விழுது மினுங்கியதும் கிட்டே வந்து மோந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு தீயலிலும் அவர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் உண்டு.

ஆபீசிலும் அதே படிப்புதான் நடந்துகொண்டிருந்தது. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டிருந்தது. யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய ‘லை’யும் ‘னை’யும் போய்ப் புதியவை வந்துகொண்டிருந்த நேரம். அச்சுக்கோப்பவரின் கை பழைய பழக்கத்தில் பழைய எழுத்தை எடுத்துவிடும். ஒரே காலி புரூஃபில் இரண்டு காலமும் கலந்து நிற்கும். எனக்கு மூத்த திருத்துநர் சொல்வார்: “படிக்காதப்பா, பாரு. படிச்சா கதைக்குள்ள போயிருவ, எழுத்து தெரியாது.” ஈய எழுத்தின் நிழல்வரை பார்க்கப் பழகிய கண்ணுக்குத் தேங்காயின் நிறம் மாறுகிற நொடியும் தெரிய ஆரம்பித்தது. எது எதற்கு உதவியது என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கையில் மையும் விரலிடுக்கில் உள்ளி மணமுமாகப் பெரிய தெருவில் நடந்துபோன அந்த நாட்களில், ஒரு தொழிலைக் கற்கிறோம் என்ற மகிழ்ச்சி உடம்பு முழுக்க இருந்தது.

இப்போது மறுபடி வட்டக்கோட்டையில்தான் இருக்கிறேன். மிக்சி இருக்கிறது, கேஸ் இருக்கிறது, வறுத்து அரைத்த தீயல் பொடியே கடையில் பாக்கெட்டில் தொங்குகிறது. அம்மி போனதற்காக நான் ஒருநாளும் கண்ணீர் விடமாட்டேன். அம்மாவின் தோள்வலியைப் பார்த்தவன் நான். எனக்கு ஏக்கம் அந்த ஒரு வார இடைவெளியின் மேல்தான்: கேள்வி போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை, நடுவில் நீயும் சட்டியும் மட்டும். தங்கச்சி மகள் கல்லூரி விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டுப் பெங்களூரில் கம்ப்யூட்டரில் தரவு அலசுகிற புதுத் தொழில் படிக்கிறாள். பகலெல்லாம் படிப்பு, ராத்திரி சமையல். அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுத்தான் வீடியோவில் கூப்பிடுவாள்: “மாமா, இந்த நெறம் போதுமா?” போனில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிகிறது. “கரண்டியால கிளறு, சத்தத்தைக் கேப்போம்” என்பேன். ஈரம் போன தேங்காய் சட்டியில் உரசும்போது சரசரவென்று ஒரு ஒலி வரும். அது போனில் நன்றாகவே கேட்கிறது. அம்மாவால் கடிதத்தில் சொல்ல முடியாத ஒன்றை என்னால் சொல்ல முடிந்ததில் எனக்கு நியாயமான பெருமை உண்டு.

அதோடு விட்டாளா? எண்ணெயில்லாமல் வறுக்கிற அந்த மின்சாரப் பெட்டியில் துருவலைப் பரப்பி வைத்து, பாதியில் ஒருமுறை கலைத்துவிட்டு, எல்லா இடத்திலும் ஒரே நிறமாக வறுத்துக் காட்டினாள். நன்றாகவே இருந்தது, போன பொங்கலுக்கு அவள் இங்கே வந்தபோது அரைத்துக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டும் பார்த்தேன். எத்தனை நிமிஷம், எவ்வளவு சூடு என்று ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, ‘சமைத்துப் பார்’ அட்டைக்குள் செருகியிருக்கிறேன்.

இந்த மாதம் அவளுக்கு வேலை கிடைத்தது. அன்றைக்கு என்ன சமைத்தாய் என்று கேட்டேன். சமைக்கவில்லை மாமா, பிரியாணி ஆர்டர் செய்தேன் என்றாள். சரிதான். ஆபீசில் என்னை நிரந்தரமாக்கிய சாயங்காலம் நானும் ஸ்டவ்வைப் பற்றவைக்கவில்லை. திருவல்லிக்கேணியில் 1948 முதல் இருக்கிற ரத்னா கஃபேக்கு நேராக நடந்துபோய், இட்லி மிதக்கச் சாம்பார் ஊற்றச் சொல்லி, அது தீர்ந்ததும் இன்னொரு தட்டு கேட்டேன்.