இட்லி–சட்னி ஒருசேரத் தீர்தல்: நேரியல் திட்டமிடல் நோக்கில் ஒரு முன்னோட்ட ஆய்வு

இட்லியும் சட்னியும் ஒரே வாயில் தீர வேண்டும் என்னும் சிக்கல் உரிய கணிதக் கவனம் பெறவில்லை. சட்னி மிஞ்சினால் இட்லி கேட்பது, இட்லி மிஞ்சினால் சட்னி கேட்பது என்று மக்கள் இதைச் சூத்திரமே இல்லாமல் தீர்த்துவருவது வருந்தத்தக்கது.

முன்னோர் ஆய்வு: பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் 77 உணவுப் பொருள்களை அலசி, ஓர் ஆண் ஓராண்டு உயிர்வாழ 39.93 டாலர் போதும் என்றார் (1939 விலை). 1947-இல் கணிதவியலாளர் டான்ட்ஸிக்கின், நேரியல் திட்டமிடலுக்கான சிம்ப்ளெக்ஸ் முறையைச் சோதிக்க 9 பேர் 120 ஆள்-நாள் கணக்குப் போட்டு அதை 39.69 ஆக்கினார்கள். மிச்சம் ஆண்டுக்கு 24 சென்ட். பின்னாளில் டான்ட்ஸிக் தாமே உடல் இளைக்கக் கணினியிடம் உணவுப் பட்டியல் கேட்டார். அது 500 காலன் வினிகர் குடிக்கச் சொன்னது. நாக்கைக் கட்டுப்பாடாக யாரும் எழுதிவைக்கவில்லை.

பூரி: உப்பல் நேரியல் அன்று, விலக்கப்பட்டது.

பொங்கல்: எண்ண இயலாது, விலக்கப்பட்டது.

இனி இட்லி. வயிறு, சட்டைப்பை என்னும் இரு கட்டுப்பாடுகளுக்குள் எமக்குக் கிடைத்த உத்தம விடை மூன்றரை (காண்க: மளிகை ரசீதின் பின்புறம், பென்சில் குறிப்பு). இட்லித்தட்டில் அரைக்குழி கிடையாது. முழுதாக்கி நான்கு என்றால் வயிறு மீறும் (காண்க: மேற்படி ரசீது, மூன்றாம் வரி, எண்ணெய்க்கறையால் சிதைவு, பாடபேதம் 'ஐந்து'). எனவே 1960-இல் ஐல்சா லேண்டும் அலிசன் டாய்க்கும் தொடங்கிவைத்த வழியில் 'மூன்றும் அதற்குக் கீழும்', 'நான்கும் அதற்கு மேலும்' என இரு கிளையாகப் பிரித்து ஆராய வேண்டும். ஆராய்ந்து முடிக்கும்வரை சர்வர் நிற்பதில்லை (காண்க: எதிர் மேசைப் பெரியவர், வாய்மொழி, இரண்டாம் காபிக்கு முன், இரண்டாம் காபிக்குப் பின் அவரே மறுத்துள்ளார், மறுப்பு இங்கே தவிர்க்கப்பட்டது).

இலையில் சட்னி மிஞ்சிக் கிடந்தால் அடுத்த கரண்டியின் நிழல் விலை (அது கூட்டும் பயன்) சுழி. இதை நிறுவ எமக்கு நான்கு பக்கம் ஆயிற்று. பக்கத்து இலைச் சிறுவன் கையைக் குறுக்கே நீட்டி 'போதும்ணே' என்றான். அவன் முறையில் கணிதக் கறார் இல்லை.

ஆயினும் 'போதும்' என்ற பிறகும் ஒரு கரண்டி விழுகிறது. பரிமாறுபவரை மாறியாகச் சேர்த்தால் ஏற்புடைய விடையே இல்லாமல் போவதால், துறை வழக்கப்படி அவர் இல்லை எனக் கொண்டோம்.

சாம்பாரைச் சேர்த்தால் சிக்கல் முப்பரிமாணமாகும். அது தனிக் கட்டுரைக்கு உரியது; பதவி உயர்வுக்கு இரண்டு கட்டுரை கேட்கிறார்கள்.