முதல் பந்தியில் ஒரு போதிசத்துவர்

அப்பளத்தை இன்னும் கடிக்கவில்லை. கையில் எடுத்து, குழல்விளக்குக்கு நேரே பிடித்து, அதன் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து இலைக்காரர் ரசத்தைத் தாண்டி மோருக்கு வந்துவிட்டார். இரண்டாம் பந்திக்காரர்கள் நாற்காலிகளின் முதுகைப் பிடித்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்கள். பின்னால் ஆள் நிற்கிறது என்றால் நமக்கெல்லாம் சோறு இறங்காது. கடைசி வாயை மெல்லாமலே விழுங்கி இலையை மடித்துவிடுவோம். இவருக்கு அதெல்லாம் இல்லை. இவர் 'இந்தக் கணத்தில்' இருக்கிறார். பின்னால் நிற்பவர்கள் அடுத்த கணத்தைச் சேர்ந்தவர்கள்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஐம்பத்தைந்துக்கு மேல் வயது, விருப்ப ஓய்வு, கொஞ்சம் சர்க்கரை, பத்து நாள் தியான முகாம். நான் யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. என் அக்கா வீட்டுக்காரருக்கும் மேற்படி வயதும் சர்க்கரையும் அமைந்திருப்பது தற்செயல். இந்த இதழை அவரும் வாங்குகிறார்தான். ஆனால் ஒரு பக்கத்தை முழு விழிப்போடு படிக்க அவருக்கு ஒரு வாரம் ஆகிறது. இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் தீபாவளி மலர் வந்துவிடும்.

பந்திக்கு வருவோம். பரிமாறுகிற பையன்கள் பாசஞ்சர் வண்டி இல்லை, எக்ஸ்பிரஸ். சாம்பார் வாளி ஒரு இலைக்கு முன்னால் மூன்று விநாடி நிற்கும், அவ்வளவுதான். இவர் முதலில் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுகிறார். உப்பின் கரிப்பு எழுகிறது, பரவுகிறது, மறைகிறது. கண்ணைத் திறக்கும்போது சாம்பார் வாளி எதிர்வரிசைக்குப் போயிருக்கிறது. அடுத்து வத்தக்குழம்பு வருகிறது. 'கொஞ்சம் பொறு' என்று உள்ளங்கையைக் காட்டுகிறார். பையனுக்கு உள்ளங்கை என்றால் 'வேண்டாம்'. அவனும் போய்விட்டான். வெறும் சோற்றில் ஒரு பிடி எடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் முப்பத்திரண்டு மெல்லல் என்று கணக்கு வைத்து மென்றுகொண்டிருந்தபோது ரசம் வந்தது. மெல்லும்போது பேசக்கூடாது என்பது இவருடைய விதி. பையனும் இருபது வரை நின்றான். நல்ல பையன்.

பாயசத்தில் ஒரு திராட்சை கிடைத்தது. அதற்கு ஆறு நிமிடம். இந்தத் திராட்சைக்குப் பின்னால் ஒரு அமெரிக்கக் கதை உண்டு. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் அவதிப்பட்டவர்களுக்காக, பௌத்தத் தியானத்திலிருந்து மதத்தைக் கழற்றிவிட்டுப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். அதில் முதல் பாடமே ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, தடவி, முகர்ந்து, நாக்கில் உருட்டி, மெல்ல மெல்லத் தின்பது. நல்ல பயிற்சி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகுப்பில் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு வகுப்பு நின்றுகொண்டிருக்காது. திராட்சை நெய்யில் பொரிந்து பாயசத்தில் ஊறியும் இருக்காது. இவர் அதை விரலில் எடுத்து உருட்ட, அது வழுக்கி இலைக்கு அடியில் போக, இலையைத் தூக்கித் தேட, கூட்டு பக்கத்து இலைக்காரர் வேட்டியில் போய் உட்கார்ந்தது.

பின்னால் ஒரு பாட்டி. சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையைப் பந்தி ஆரம்பித்தவுடன் போட்டுக்கொண்டுவிட்டார், பாவம். குனிந்து கேட்டார்:

"ஏம்ப்பா, பல்லு வலியா?"

முப்பத்திரண்டு முடியும்வரை காத்திருந்து இவர் திரும்பினார். முகத்தில் அந்தப் புன்னகை. முகாமுக்குப் போய்வந்த எல்லாரிடமும் இருக்கிறதே, மன்னித்துவிட்டோம் என்கிற மாதிரி ஒரு புன்னகை.

"இல்லம்மா. சாப்பிடும்போது நான் சாப்பிட மட்டும்தான் செய்றேன்."

"நாங்களும் அதுக்குத்தாம்ப்பா நிக்கிறோம்" என்றார் பாட்டி.

இலை எடுக்கிறவர்களுக்குத் தத்துவம் கிடையாது. மேசையின் இடது கோடியிலிருந்து ஒருவர் விரிப்புக் காகிதத்தை இலைகளோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். வலது கோடியிலிருந்து இன்னொருவர். இரண்டு சுருளும் பாய்மூட்டை பருமனுக்கு வளர்ந்து, இவருடைய இரண்டு முழங்கைகளுக்கும் வந்து நின்றன. நடுவில் இவர். கையில் மோர்சாதம். ஒரு பருக்கை கீழே விழுந்தது. அதைப் பார்த்து "அனிச்சா" என்றார். பாலி மொழியில் நிலையாமை என்று பொருள். நமக்குத் தெரிந்த அனிச்சம், வள்ளுவர் விருந்தினருக்கு உவமை சொன்ன பூ. அன்றைக்கு மண்டபத்தில் இரண்டும் இருந்தன: முன்னால் ஒன்று, பின்னால் நாற்பது.

ஆத்திரத்தில் நானும் புத்தகங்களைப் புரட்டினேன். சாப்பாட்டைப் பற்றிப் புத்தர் என்னதான் சொன்னார்? சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் ஒரு கதை கிடைத்தது. கோசல மன்னன் பசேனதி ஒரு துரோண அளவு அரிசிச் சோற்றை ஒரே வேளையில் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு புத்தரைப் பார்க்க வருகிறான். விழிப்போடிருந்து அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறையும், முதுமையும் மெதுவாக வரும் என்ற பொருளில் புத்தர் ஒரு பாட்டுச் சொல்கிறார். மன்னனுக்குப் பின்னால் நின்றிருந்த சுதஸ்ஸனன் என்ற இளைஞன் அதை மனப்பாடம் செய்துகொள்கிறான். தினமும் சாப்பாட்டு வேளையில் அதைச் சொல்ல அவனுக்கு நூறு காசு கூலி. மன்னன் படிப்படியாக நாழியரிசிச் சோற்றுக்கு இறங்கி, உடம்பு இளைக்கிறான். நாழி என்றால் நம் நாழிதான். பாலியிலும் கிட்டத்தட்ட அதே சொல். கவனியுங்கள்: அளவைப் பற்றிப் பேச்சு இருக்கிறது, வேகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னனுக்குப் பின்னால் நின்றவனுக்கு நூறு காசு. நாங்கள் இலவசமாக நின்றோம்.

பிக்குகளுக்கான ஒழுங்குகளையும் பார்த்தேன். சேகிய விதிகள் 75. அவற்றில் முப்பது சோற்றைப் பற்றியவை. 'சபுசபு' என்று மெல்லாதே, 'சுருசுரு' என்று உறிஞ்சாதே (பாலி மூலத்திலேயே இப்படித்தான் சத்தம் போடுகிறது), இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று குழம்பைச் சோற்றால் மூடி ஒளித்துவைக்காதே. எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்து பார்த்த மனிதர் புத்தர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மெதுவாகத் தின்னச் சொல்லும் விதி அதில் இல்லை. சொல்லியிருக்கவும் முடியாது. பிக்குவின் சாப்பாடு உச்சிவேளைக்குள் முடிந்தாக வேண்டும். அத்தான் மாதிரி மென்றால் பாதி இலையில் பகல் சாய்ந்துவிடும்.

மன்னிக்கவும், பெயரைச் சொல்லிவிட்டேன். இனி அத்தான் என்றே எழுதுகிறேன்.

அத்தான் போய்வந்த முகாமில் விடிகாலை நாலு மணிக்கு மணியடிக்கும். ஆண்கள் தனி, பெண்கள் தனி. மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது, பிறகு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பைக் கவனிப்பது. மாண்டலேயில் பிறந்த கோயங்கா 1969இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை இது. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் கொடுக்கலாம். ஒன்பது நாள் வாயே திறக்கக்கூடாது. பத்தாம் நாள் பேசலாம். அத்தானுக்கு அந்தப் பத்தாம் நாள் இன்னும் முடியவில்லை. போதாததற்கு யூடியூபில் இன்னொரு முறையையும் பிடித்துக்கொண்டார். பர்மாவின் மகாசி சயாடோ வழியில், எழுவதை எல்லாம் மனத்துக்குள் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். 'மனத்துக்குள்' என்பதை மட்டும் அத்தான் விட்டுவிட்டார். "அரிப்பு... அரிப்பு" என்பார், பஸ்ஸில். கரண்ட் பில்லுக்கு நாளை கடைசித் தேதி என்றால், நாளை இன்னும் வரவில்லை என்பார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. முகாமுக்கு முன்னால் அந்த வீட்டில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். நானே பார்த்திருக்கிறேன், சுவரில் சாம்பார் வழிந்த தடத்தை மறைக்கத்தான் அக்கா அந்த முருகன் காலண்டரை அங்கே மாட்டினாள். இப்போது உப்பே போடாமல் வைத்தாலும் "உப்பின்மை" என்று ரசித்துச் சாப்பிடுகிறார். "நாப்பது நிமிஷம் மெல்லட்டும்டா, இது தேவலாம்" என்றாள் அக்கா ஒருநாள். அன்றைக்கே இந்தக் கட்டுரையைக் கைவிட்டிருப்பேன்.

டம்ளரைப் பார்த்திருக்காவிட்டால். வியட்நாம் துறவி திக் நாட் ஹான் சொல்லியிருக்கிறாராம், பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவ வேண்டும் என்று. அத்தானும் கழுவுகிறார். ஒரு டம்ளர். தான் காபி குடித்த டம்ளர். குழாய் பாட்டுக்கு ஓட, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, நீரின் குளிர்ச்சியை உணர்ந்து, பத்து நிமிடம். பக்கத்தில் இட்லிப் பானை, குக்கர், ராத்திரி ஊறப்போட்ட வாணலி எல்லாம் கிடக்கின்றன. அவை அந்தக் கணத்துக்குள் வருவதில்லை. பத்து நாளும் முகாமில் அவரவர் தட்டை அவரவரே கழுவினோம் என்று பெருமையாகச் சொல்கிறவர்தான்.

அக்காவின் காலையைச் சொல்கிறேன். குக்கரில் இரண்டு விசில் போயிற்று, மூன்றாவதற்கு அணைக்க வேண்டும். மாமியாருக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அதிலிருந்து அரைமணி கழித்துத்தான் காபி. மோட்டார் போட்டிருக்கிறது, தொட்டி வழிவதற்குள் நிறுத்த வேண்டும். பேரனின் வேன் ஏழே முக்கால். இத்தனையையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு, அத்தான் ஹாலில் கண்ணை மூடியிருப்பதால் சத்தமில்லாமல் தேங்காய் துருவுகிறாள். விழிப்பு என்று நாம் சொல்லும் 'சதி' என்ற பாலிச் சொல்லுக்கு, வடமொழி 'ஸ்மிருதி' போலவே, நினைவில் வைத்திருத்தல் என்றும் பொருள். அந்த வீட்டில் எதையாவது நினைவில் வைத்திருப்பது யார்? அவர் மெதுவாக இருப்பதற்கான நேரம் எங்கிருந்து வருகிறது? அவள் ஓடுகிற ஓட்டத்திலிருந்து வருகிறது. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "ஏங்க, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். நான் செய்தித்தாளில் இருந்தேன், அதுவும் தப்புதான். அத்தான் அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, சொன்னபடி பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"ஆடை... ஆடை... எழுதல்... எழுதல்..."

அக்கா வந்தபோது பால் மேடையெல்லாம் ஓடித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் அப்போதும் உட்கார்ந்துதான் இருந்தார். "கருகல் வாசனை" என்றார். துணி மூட்டையோடு நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்து, மிகக் கனிவாக, "உனக்குள்ள கோபம் எழுது பாரு. அதைக் கவனி" என்றார்.

"கவனிச்சுட்டேன்" என்றாள் அக்கா. "இப்ப அடுப்பை யாரு தொடைக்கப் போறாங்கன்னு நீங்க கவனிங்க."

அத்தான் துடைத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பர்னரைக் கழற்றி, ஒவ்வொரு கண்ணையும் ஊசியால் குத்தி, முக்கால் மணி நேரம். அதுவரை அடுப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. அக்காவும் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனோம். கண்ணாடி டம்ளரில் ஆவி பறக்க வந்த டீயை அவள் நின்றபடியே மூன்று மடக்கில் குடித்துவிட்டு, இன்னொன்று சொல்லச் சொன்னாள்.