ஏழு பேர், மூன்று சிலிண்டர், ஒரு டர்போ

சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின் வைத்த குடும்ப வண்டியைப் பற்றி எண்ணூர் வட்டாரத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இந்த இதழை முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: மாமனார், மாமியார், நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள். 1.2 லிட்டர், அதிலும் மூன்றே சிலிண்டர். ஏழு பேரை இழுக்குமா? (வாசகி, கத்திவாக்கம்)

ப: இழுக்கும். அதற்கான சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. முதல் வண்டி 1949இல் வெளியே வந்தது. அந்த நிறுவனம்தான் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அந்த ஆஸ்டினின் இன்ஜின் 1,200 சிசி, நான்கு சிலிண்டர், 40 குதிரைத்திறன். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உருவாகும் சிட்ரோன் ஏர்கிராஸின் டர்போ இன்ஜின் 1,199 சிசி, மூன்று சிலிண்டர், 110 குதிரைத்திறன். கொள்ளளவில் ஒரு சிசி குறைவு, சிலிண்டரில் ஒன்று குறைவு, வலுவிலோ இரண்டே முக்கால் மடங்கு. சிலிண்டரை எண்ணிப் பயப்படும் காலம் போய்விட்டது.

கே: டர்போ என்றால் என்ன? ஷோரூமில் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். (எர்ணாவூர்)

ப: உங்கள் தெருமுனையில் நின்றால் டர்போவின் குரலையே கேட்கலாம். கன்டெய்னர் லாரி மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் உறுமலுக்கு மேலே மெல்லியதாக ஒரு விசில் கேட்கும், அதுதான்.

இன்ஜினுக்குப் பெட்ரோலைவிடக் காற்றுதான் பெரிய தேவை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று வேண்டும். சாதாரண இன்ஜின் பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றோடு திருப்திப்பட்டுக்கொள்ளும். டர்போ, சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகையை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் மோதவிடுகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டலாம். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் போல நடந்துகொள்ளும். சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடிக்கிற சிக்கனம்தான் இது. ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். குடும்பக் காருக்குள் வந்து சேரத்தான் இத்தனை காலம் பிடித்தது.

கே: டர்போ இல்லாததும் அதே 1.2 லிட்டர்தான். விலையும் குறைவு. எதற்காகக் கூடுதல் பணம்? (திருவொற்றியூர்)

ப: குதிரைத்திறன் எண்ணைப் பார்க்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் நியூட்டன் மீட்டர் என்று ஓர் எண் இருக்கும், அதுதான் இழுவை. சிட்ரோனின் 1.2 லிட்டரையே எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாமல் 115, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 3,750 சுற்றில் ஓடும்போது. டர்போவோடு 190, வெறும் 1,750 சுற்றில். முதலாவதில் ஏழு பேரோடு மேடு ஏறினால் கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை அழுத்தி, இன்ஜினைக் கத்தவிட வேண்டும். இரண்டாவது அதே கியரில் பேசிக்கொண்டே ஏறும்.

ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகக் குடும்பத்தோடு திருப்பதி போகிற பழக்கம் உங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு. திருமலைப் பாதையில் ஏழு பேர், ஏசி, பெட்டிகள் என்று ஏறும்போது அந்த வித்தியாசம் எண்ணாக இருக்காது, நிம்மதியாக இருக்கும். ஊட்டிக்குப் போனால் இன்னொரு லாபம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடும். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே தன் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்போ கூடக் கொஞ்சம் வேகமாகச் சுழன்று அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

வருடத்துக்கு ஒரு மலைகூட ஏறுவதில்லை, நான்கு பேருக்கு மேல் ஏறுவதில்லை என்றால் அந்தப் பணத்தை வங்கியில் போடுங்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

கே: லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்கிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கிடைக்குமா? (சின்னக்குப்பம்)

ப: கிடைக்காது. அந்த எண் ஆய்வுக்கூடத்து உருளையின் மேல் ஓட்டிக் கணக்கிட்டது. அங்கே கன்டெய்னர் வரிசை கிடையாது.

டர்போவின் சிக்கனம் எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் ஏமாற்றம் இருக்காது. சீரான வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது அது வெறும் 1.2 லிட்டர் இன்ஜின், சின்ன வயிறு, கொஞ்சமாகத்தான் குடிக்கும். அழுத்தி மிதித்தால் பெரிய இன்ஜின், குடியும் அதற்கேற்ப. லாரிக்குப் பின்னால் நின்று நின்று ஊரும்போது இரண்டும் இல்லை. டர்போ சும்மா இருக்கிறது, பெட்ரோல் மட்டும் எரிகிறது. கத்திவாக்கம் நெடுஞ்சாலையில் தினமும் முக்கால் மணி நேரம் நெரிசலில் நிற்கிறவருக்கு எந்தப் பெட்ரோல் வண்டியும் மைலேஜ் தராது, டர்போ அதில் விதிவிலக்கு இல்லை. தினசரி வேலைக்கு டூவீலர் அல்லது மின்சார ரயில், குடும்பத்தோடு வெளியூருக்குக் கார் என்று பிரித்துக்கொள்பவர்களுக்குத்தான் இந்த இன்ஜின் தன் முழுச் சிக்கனத்தைக் காட்டும்.

கே: ஏழு பேர் உட்கார வேண்டும், டர்போ வேண்டும், வரியும் குறைய வேண்டும். ஒரு வண்டி சொல்லுங்கள். (மீஞ்சூர்)

ப: மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

நம் நாட்டில் கார் வாங்குபவர் கையில் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் அது சின்ன வண்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஒன்றைத் தாண்டினாலும் 40 சதவீதம். ஒரகடத்தில் உருவாகும் ரெனோ ட்ரைபர் 4 மீட்டருக்குள் அடங்கும். ஏழு இருக்கை உண்டு, வரி குறைவு, ஆனால் டர்போ இல்லை, 72 குதிரைத்திறன்தான். அதே ஆலையின் நிசான் மேக்னைட்டில் ஒரு லிட்டர் டர்போ கிடைக்கும், 100 குதிரைத்திறன், வரி குறைவு, ஆனால் ஐந்து இருக்கை. ஏர்கிராஸில் டர்போவும் ஏழு இருக்கையும் இருக்கின்றன. நீளம் 4.3 மீட்டர், அதனால் வரி பெரியது.

என் தேர்வைக் கேட்டால், ஏழு பேரும் தினமும் ஏறுகிற வீட்டுக்கு ஏர்கிராஸ். மாதம் ஒருமுறைதான் ஏழு பேர் என்றால் ட்ரைபர் எடுத்து, நிதானமாக ஓட்டுங்கள். எதிலும் மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்கு மட்டுமே. மாமனாரைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைக்காதீர்கள், முழங்கால் தாடையைத் தொடும்.

கே: துறைமுகத்தில் வரிசை வரிசையாகப் புதுக் கார்கள் நிற்கின்றன. எப்படிக் கப்பலில் ஏற்றுகிறார்கள்? கிரேனா? (பள்ளி மாணவர், அத்திப்பட்டு புதுநகர்)

ப: நல்ல கேள்வி தம்பி. கிரேன் இல்லை, ஓட்டியே ஏற்றுகிறார்கள். அந்தக் கப்பல் ஜன்னல் இல்லாத அடுக்குமாடிக் கட்டடம் போல இருக்கும். பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒரு சாய்தளம் இறங்கும். டிரைவர்கள் ஒவ்வொரு காராக ஓட்டிக்கொண்டு உள்ளே போய், தளம் தளமாக, ஒரு கை இடைவெளியில் நிறுத்தி, பட்டையால் தரையோடு கட்டிவிட்டு இறங்கி வருவார்கள். உங்கள் காமராஜர் துறைமுகம் 2001இல் நிலக்கரிக்காகத் திறந்தது. 2010இல் நிசான் தன் மைக்ரா கார்களை இங்கிருந்து அனுப்பத் தொடங்கியது. 2023இல் சிட்ரோன் சி3 கார்களும் இங்கிருந்தே கடல் கடந்தன. அடுத்த முறை பார்க்கும்போது ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று கவனி. இடப்பக்கம் இருந்தால் அது நம் தெருவுக்கு வராத வண்டி.

கே: கடைசி வரிசை சீட்டைக் கழற்றிவிட்டு காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றலாமா? சின்னதாக வியாபாரம் செய்கிறோம். (பெரியகுப்பம்)

ப: இடம் தாராளம். ஏர்கிராஸில் கடைசி வரிசையைக் கழற்றினால் 511 லிட்டர் கிடைக்கும். நான்கு சின்ன ஐஸ் பெட்டி நிற்கும். ஆனால் அக்கா, ஆபத்து மீனில் இல்லை, ஐஸ் கரைந்த தண்ணீரில். உப்பும் மீன்நீரும் கலந்து கம்பளத்துக்குக் கீழே இறங்கினால், நாற்றம் ஒரு மாதத்தில் பழகிவிடும், தகடு இரண்டு மழையில் பொத்துவிடும். விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அளவெடுத்துப் போடுங்கள், பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் துளையை அடைத்துவிடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். சொந்தப் பதிவு எண்ணில், அதாவது வெள்ளைப் பலகையில், வாடகைக்கோ வியாபாரத்துக்கோ தொடர்ந்து ஓட்டினால் இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் வம்பு வரும். வியாபாரம் வளர்ந்தால் அதற்கென்று ஒரு சரக்கு வண்டி எடுங்கள். இந்தக் காரில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போங்கள்.

கே: எங்கள் பக்கம் காலையில் வண்டியைத் துடைத்தால் மதியத்துக்குள் சாம்பல் படிகிறது. டர்போ தாங்குமா? (வல்லூர்)

ப: இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதியிருப்பேன். அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூள், கடல் உப்பு மூன்றையும் சேர்த்து மூச்சுவிடுகிறது உங்கள் ஊர். மனிதர்களுக்கே அது பெரும் அநியாயம். வண்டியையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்த வேகத்தில் ஒரு துகள்கூட மணற்காகிதம் மாதிரிதான். ஒரே காவல் ஏர் ஃபில்டர். வண்டியோடு வரும் கையேட்டில் சொல்லும் தூரம் சாதாரண ஊருக்கானது. தூசி மிகுந்த இடத்தில் சீக்கிரமே மாற்றச் சொல்லி அதே கையேட்டில் இன்னொரு வரி இருக்கும், அந்த வரிதான் உங்களுக்கு. சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள். முகப்புக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டரையும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், அழுத்தப் பீச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள்.

இன்ஜின் ஆயிலில் மட்டும் பேரம் வேண்டாம். அந்தச் சக்கரத்தின் அச்சு ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுழல்கிறது. நிறுவனம் சொன்ன ரக ஆயில், சொன்ன நாளுக்குள். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள், சூட்டில் ஆயில் கரியாகாமல் இருக்கும்.

கே: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் டர்போவைக் கெடுக்குமா? (மணலி)

ப: 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் குழாய், சீல் எல்லாம் அதற்கேற்பவே வந்திருக்கும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சத்து குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் விழும். ஆக்டேன் அதிகம் என்பதால் அழுத்தம் கூடிய டர்போ இன்ஜின் தட்டாமல் ஓடும்.

கே: 2023 டிசம்பர் புயலில் பழைய கார் மூழ்கிப் போனது. மறுபடி வாங்கப் பயமாக இருக்கிறது. (முகத்துவாரக் குப்பம்)

ப: மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து உங்கள் வீடுகளுக்குள் வந்ததை மறக்க முடியுமா? காரைவிடப் பெரிய இழப்புகளை உங்கள் குப்பம் கண்டது. வண்டியைப் பொறுத்தவரை சொல்ல ஒன்றுதான். தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். புது இன்சூரன்ஸ் எடுக்கும்போது 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கூடுதலாகக் கட்டுவது கொஞ்சம்தான், உங்கள் தெருவுக்கு அது அவசியம்.

கே: அப்பா லாரி தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். "டர்போ லாரிக்குத்தான், காருக்கு எதுக்குடா?" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? (கத்திவாக்கம்)

ப: அவர் கைக்கு இன்ஜினின் நாடி தெரியும், வாயால் சொல்லிப் பயனில்லை. டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள், வீட்டில் இருக்கிற ஏழு பேரையும் ஏற்றுங்கள். ஏசியைப் போட்டு, அப்பாவை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, எர்ணாவூர் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறச் சொல்லுங்கள். பிறகு அதே பாலத்தில் டர்போ இல்லாத வண்டியையும் ஏழு பேரோடு ஏற்றட்டும். அதன் பிறகு அவர் எதைச் சொல்கிறாரோ அதை வாங்குங்கள்.